‘கர்ப்ப ஆட்சி’யிலிருந்து ‘குடும்ப நலம்’ வரை

பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதற்கும் நிறுத்திக்கொள்வதற்கும் தமிழில் வழங்கிவந்த சொற்களைக் கால வரிசையில் அடுக்கினாலே தமிழ்நாட்டின் இனப்பெருக்க நல வரலாற்றில் பாதி விளங்கிவிடும். 1930-களின் ஏடுகளில் ‘கர்ப்பத்தடை’ என்றும் ‘கர்ப்ப ஆட்சி’ என்றும் எழுதினார்கள். விடுதலைக்குப் பின் அரசு அதைக் ‘குடும்பக் கட்டுப்பாடு’ ஆக்கியது. நெருக்கடிநிலைக் கால அத்துமீறல்களால் அந்தப் பெயரே மக்களுக்குக் கசந்துபோனபின், 1977-இல் ‘குடும்ப நலம்’ என்ற பெயர் வந்தது. முதலில் வழங்கிய சொற்களில் கர்ப்பம் இருந்தது, ஆகவே கர்ப்பம் தரிக்கும் பெண்ணும் இருந்தாள். பின்னால் வந்தவற்றில் குடும்பம் மட்டுமே எஞ்சியது. சொல்லிலிருந்து பெண் மறைந்தபின்தான் கருத்தடையின் முழுச் சுமையும் அவளுடைய உடலின்மேல் ஏற்றப்பட்டது என்பதை இந்த வரலாற்றைப் பின்தொடர்பவர்கள் தெளிவாகக் காணலாம்.

ஆங்கில மருத்துவம் நிலைபெறுவதற்கு முன் தமிழகக் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. பெரும்பாலான ஊர்களில் அவர் நாவிதர் சமூகத்தைச் சேர்ந்த பெண். தாயிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ கைப்பழக்கமாகத் தொழில் கற்றவர். கூலியாக நெல்லும் சேலையும் பெற்றவர். வீட்டின் பின்கட்டிலோ தனிக் குடிசையிலோ, தீட்டு என்று ஒதுக்கப்பட்ட இடத்தில், ஆண்களின் கண்ணுக்கு எட்டாமல் நடந்த அந்த வேலையில் இயல்பான பேறுகளைக் கையாளும் திறமை நிறையவே இருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலும், நஞ்சுக்கொடி பிரியாமல் உதிரம் பெருகினாலும் செய்வதற்கு அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை. வேண்டாத கருவைக் கலைக்க ஊரார் நாடிய எருக்கங்குச்சி போன்ற முறைகள் எத்தனை பெண்களின் உயிரைக் குடித்தன என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இல்லை. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்தாலன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. கருவைத் தாங்கிய பெண்ணும் அந்தக் குற்றத்துக்குள் அடங்கினாள். முறையான உதவிக்கு வழியே இல்லாதிருந்த ஊரில் சட்டம் தண்டனையை மட்டும் கொண்டுவந்து சேர்த்தது.

சென்னையில் 1844-இல் தொடங்கப்பட்ட பிரசவ ஆஸ்பத்திரியே இன்று எழும்பூரில் தாய்சேய் நல மருத்துவமனையாக விளங்குகிறது. பிரசவத்துக்கென்று தனியே ஓர் ஆஸ்பத்திரி இருந்தும், சாதியும் கோஷாவும் பெண்களை அதன் வாசலிலேயே நிறுத்தின. கோஷா என்பது அயல் ஆடவர் கண்ணில் படாமல் பெண் திரைமறைவில் இருக்கும் வழக்கம். ஆண் மருத்துவர் தொட அனுமதிப்பதைவிடச் சாவே மேல் என்று குடும்பங்கள் முடிவெடுத்த காலம் அது. சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவியான மேரி ஷார்லீப், இந்த நிலையைக் கண்டு முதலில் எழும்பூரில் பேறுகாலப் பணியைக் கற்றார். பிறகு 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்பட்ட நான்கு பெண்களுள் ஒருவரானார். லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய அவருடைய முயற்சியால் 1885-இல் உருவான விக்டோரியா மருத்துவமனை, சாதிக் கட்டுப்பாடும் கோஷாவும் உள்ள பெண்களுக்கென்றே, பெண் மருத்துவர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இயங்கும் அதைச் சென்னைவாசிகள் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்கிறார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் மருத்துவப் பணியைத் தொடங்கியதற்கும் இதே கொடுமைதான் காரணம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த ஆண்கள் பிரசவ வேதனையிலிருந்த தத்தம் மனைவியருக்காக அவரை அழைத்தனர். மருத்துவப் படிப்பு இல்லாத அவர், மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு சொன்னபோது மூவருமே மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தார்கள். 1918-இல் அவர் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்ததற்கு வித்து அந்த இரவில் விழுந்தது.

பிரசவத்தைப் பற்றிய அக்கறை இப்படி மருத்துவமனை வழியாக வந்தது என்றால், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு அச்சேடுகளின் வழியாக வந்தது. உணவு உற்பத்தியைவிட மக்கள்தொகை வேகமாகப் பெருகும், பஞ்சத்துக்கும் வறுமைக்கும் அதுவே மூலம் என்பது ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தஸின் கொள்கை. கருத்தடை விளக்க நூல் ஒன்றை வெளியிட்டதற்காக 1877-இல் லண்டனில் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் வழக்கை எதிர்கொண்டபோது, சென்னை மாகாணம் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. அந்தப் பஞ்சத்தின் வடு ஆறாத 1880-களில், சென்னை இலௌகிக சங்கத்தினர் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்தினர். கடவுள் மறுப்பையும் சாதி எதிர்ப்பையும் பேசிய அந்த வட்டத்தில் மால்தஸின் கருத்தும் விவாதிக்கப்பட்டது. பெசன்ட் அம்மையாரோ பிரம்மஞானத்தைத் தழுவியபின், மக்கள்தொகை பற்றித் தாம் எழுதிய நூலைத் தாமே விலக்கிக்கொண்டார். அடையாற்றில் அவர் பெரும் செல்வாக்குடன் வாழ்ந்த ஆண்டுகளில் அந்தப் பழைய வழக்கின் வாதங்களைச் சென்னை அவரிடமிருந்து கேட்கவில்லை.

1920-களின் இறுதியில் அந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. இம்முறை முற்றிலும் வேறுபட்ட இரண்டு இடங்களிலிருந்து எழுந்தது. ஒன்று, மால்தஸ் அஞ்சிய மக்கள்தொகைப் பெருக்கத்துக்குக் கருத்தடையே வழி என்று வாதிட்ட சென்னை நியோ-மால்தூசியன் சங்கம். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் வேப்பா இராமேசம் போன்ற படித்த, வசதியுள்ள ஆண்கள் அதை நடத்தினர். ஆங்கிலத்தில் இதழ் வெளியிட்டு, கூட்டங்கள் கூட்டி, நாட்டின் வறுமைக்கும் மக்கள்தொகைப் பெருக்கத்துக்கும் உள்ள உறவை விளக்குவது அவர்கள் பணியாக இருந்தது. அன்றைய சூழலில் கருத்தடையைப் பொதுமேடையில் பேசுவதற்கே துணிவு வேண்டும். அந்தத் துணிவு அவர்களிடம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. எனினும் யார் குறைவாகப் பெற வேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் சுட்டிய விரல் ஏழைகளை நோக்கியே நீண்டது. தகுதியுள்ளவர்கள் பெருக வேண்டும், தகுதியற்றவர்கள் குறைய வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கை உலகெங்கும் அறிவியலின் பெயரால் உலவிய காலம் அது. சென்னையும் அதற்கு விலக்காக இருக்கவில்லை.

மற்றொன்று சுயமரியாதை இயக்கம். ‘குடி அரசு’ இதழில் பெரியார் எழுதிய கட்டுரைகள் நியோ-மால்தூசியன் வாதத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டன. தாயின் உடல்நலத்துக்காகவும், குடும்பத்தின் பொருளாதாரத்துக்காகவும், நாட்டின் வளத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். தாம் அதை வேண்டுவது பெண் விடுதலை பெற்றுத் தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்வதற்காக என்று அவர் பிரித்துக் காட்டினார். பிள்ளை பெறுவதுதான் பெண்ணை ஆணின் வீட்டில் கட்டிப்போட்டிருக்கிறது, ஆகவே அது அவளுடைய விருப்பத்துக்கு உட்பட்டதாக வேண்டும். உலகம் விருத்தியடைய வேண்டும் என்பதற்காகப் பெண் அடிமையாக இருக்க வேண்டியதில்லை என்பது வரை அவருடைய தருக்கம் சென்றது. பின்னர் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலில், கற்பு, மறுமணம், சொத்துரிமை ஆகியவற்றுடன் கர்ப்பத்தடையும் ஓர் இயலாக இடம்பெற்றது தற்செயல் அல்ல. சொத்தும் மணவிலக்கும் இல்லாத பெண்ணுக்குக் கருத்தடைச் சாதனம் மட்டும் கொடுத்தால் அது அவள் கையில் இருக்காது, கணவன் கையில்தான் இருக்கும் என்பதை அந்த இயல் வரிசையே உணர்த்துகிறது. ‘கர்ப்ப ஆட்சி’ என்ற சொல்லின் பொருத்தமும் இங்கேதான் விளங்கும். தடை என்பதை வெளியிலிருந்து யாரும் விதிக்கலாம். ஆட்சி என்றால் ஆள்பவர் ஒருவர் வேண்டும். பாரதிதாசனின் ‘தவிப்பதற்கோ பிள்ளை?’ என்ற கவிதையும் இதே காலத்தின் விளைச்சல். கருத்தடையைப் பாடுபொருளாக்கும் துணிவு அன்று இந்திய மொழிகளில் அரிதாகவே இருந்தது.

தமிழகத்துக்கு வெளியிலும் இந்த ஆண்டுகள் பரபரப்பானவை. மைசூர் சமஸ்தானம் 1930-இல் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை வழங்க ஆணையிட்டது; ஓர் அரசாங்கமே முன்வந்து இத்தகைய நிலையங்களை நடத்தியதற்கு உலகிலேயே இது முதல் உதாரணமாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவர் மார்கரெட் சாங்கர் 1935-இன் இறுதியில் இந்தியா வந்து, திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டில் பங்கேற்றார். வார்தாவில் காந்தியையும் சந்தித்தார். பெண் அளவின்றிப் பெற்று நலிவது கொடுமை என்பதை ஏற்றுக்கொண்ட காந்தி, அதற்குத் தீர்வு புலனடக்கமே, செயற்கைச் சாதனங்கள் அல்ல என்பதில் அசையவில்லை. கணவனிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லும் உறுதி பெண்ணுக்கு வேண்டும் என்று அவர் கருதினார். அந்த ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு அடியும் உதையும் பதிலாகக் கிடைத்த வீடுகளில் அவருடைய அறிவுரை பெண்ணுக்கு எவ்வகையில் துணை நின்றிருக்கும் என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் நிற்கிறது.

விடுதலை பெற்ற இந்தியா 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்தபோது, நியோ-மால்தூசியன் வாதம், சுயமரியாதை வாதம் என்ற இரண்டில் எதை எடுத்துக்கொண்டது என்பதில் ஐயம் இல்லை. திட்டக் குழுவுக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கைக் குறைப்பு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர். ஏ. கோபாலசாமி, மூன்றுக்கு மேற்பட்ட பிள்ளைப்பேறுகளை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்று பெயரிட்டுக் கணக்கிட்டவர்; பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். அறுவை சிகிச்சை செய்துகொள்பவருக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னை மாநிலம் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கியதற்கு அவருடைய யோசனையே அடிப்படை. ஆளை அழைத்து வருபவருக்கும் தொகை தரப்பட்டது. தாய்மையின் குறையைக் கணக்கிட்ட நிர்வாகம், தந்தைமைக்கு அப்படி ஒரு பெயர் சூட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும் அந்தக் காலத்தில் அறுவை மேசையில் படுத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்களே. விந்துக்குழாயைத் துண்டித்துக் கட்டும் ஆண் கருத்தடைச் சிகிச்சைக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சில நிமிடங்களில் முடித்துவிடலாம். பள்ளிக்கூடக் கட்டடத்திலும் முகாம் போட்டுச் செய்யலாம். 1965-இல் பெரும் எதிர்பார்ப்புடன் அறிமுகமான ‘லூப்’ என்ற பிளாஸ்டிக் கருப்பை வளையம், பொருத்தியபின் ஏற்பட்ட உதிரப்போக்கையும் வலியையும் கவனிக்க ஆளில்லாமையால் ஓரிரு ஆண்டுகளிலேயே பெண்களின் நம்பிக்கையை இழந்தது. 1968-இல் வந்த ‘நிரோத்’ ஆணுறை மூன்று 15 காசுக்கு விற்கப்பட்டது. தேயிலை, சோப்பு, சிகரெட் நிறுவனங்களின் விற்பனை வண்டிகளே அதைப் பெட்டிக்கடை வரை கொண்டுசேர்த்தன. குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற வாசகமும் பேருந்துகளின் முதுகிலும் சுகாதார நிலையச் சுவர்களிலும் இடம்பிடித்தன. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரு முகாமில் மட்டும் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்குச் சிகிச்சை செய்யப்பட்டது. அதை வெற்றியாகக் கொண்டாடியவர்கள், பணமும் அன்பளிப்புப் பொருட்களும் பசித்த வயிற்றிடம் கேட்ட சம்மதத்தை விருப்பம் என்று எழுதிக்கொண்டார்கள்.

1975-இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை அந்தத் திட்டத்தின் உட்கிடக்கையை வெளிச்சமாக்கியது. 1976–77-இல் நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களுள் சுமார் 62 லட்சம் பேர் ஆண்கள். வட மாநிலங்களில் நடந்த கட்டாயம் 1977 தேர்தலில் ஆட்சியையே கவிழ்த்தது. அடுத்த ஆண்டு அறுவைகளின் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அரசியல்வாதிகள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், ஆண்களைத் தொடக் கூடாது என்பதே. யாரையும் வற்புறுத்தக் கூடாது என்ற பாடத்தை அவர்கள் கற்கவில்லை. இலக்குகள் தொடர்ந்தன, ஆள் மட்டும் மாறியது. ஆண்களின் வரிசை கலைந்த இடத்தில், பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கு அதே மருத்துவமனைக் கட்டிலிலேயே கருக்குழாயைக் கட்டி அனுப்பும் முறை வேரூன்றியது. நெருக்கடிநிலையில் ஆணுக்கு நேர்ந்ததை நாடு கொடுமை என்று நினைவில் வைத்திருக்கிறது. அதற்குப் பின் பத்தாண்டுக் கணக்கில் பெண்ணுக்கு நேர்ந்ததை நாடு நலத்திட்டம் என்று பதிந்துகொண்டது.

இந்த மாற்றம் நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதை அறியக் கிராம சுகாதார செவிலியரின் கையிலிருந்த பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஊரார் ‘நர்சம்மா’ என்று அழைக்கும் அவர், தம் பகுதியில் மனைவி பிள்ளைபெறும் வயதிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் ‘தகுதியுள்ள தம்பதியர்’ என்ற தலைப்பில் வரிசையாக எழுதிவைத்திருப்பார்: கணவன் பெயர், மனைவி பெயர், உயிருடன் உள்ள பிள்ளைகள், கடைசிப் பிள்ளையின் வயது, கைக்கொண்டுள்ள முறை. இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருந்து கடைசிக் கட்டம் காலியாக இருந்தால், அந்த வீட்டுக்கு அவர் நடையாய் நடக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை ‘கேஸ்’ என்று மேலிடம் விதித்த கணக்கு நிரம்பாவிட்டால் கேள்விகளும் கடுஞ்சொற்களும் அவருக்குத்தான். அதே நர்சம்மாதான் தடுப்பூசி போட்டவர், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவர், நள்ளிரவில் பிரசவத்துக்கு ஓடிவந்தவர். ஒரே பெண்ணின் கையில் பரிவும் நெருக்குதலும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தன. 1994-இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாடு, எண்ணிக்கையை விட்டுப் பெண்ணின் உரிமையையும் உடல்நலத்தையும் முன்வைத்தபின், 1995-இல் சோதனையாகத் தமிழ்நாடும் கேரளமும், 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் முறைவாரி இலக்குகளைக் கைவிட்டன.

இந்தப் பத்தாண்டுகளில் தமிழ்நாடு பெற்றதையும் மறைக்க வேண்டியதில்லை. பெண் கல்வி, 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, ஊர்தோறும் துணை சுகாதார நிலையம், மூன்று செவிலியர் சுழற்சி முறையில் இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம், மருந்துகள் தட்டுப்பாடின்றிக் கிடைக்க மாநில அரசு 1990-களில் அமைத்த மருத்துவப் பணிகள் கழகம் ஆகியவை சேர்ந்து பேறுகால மரணத்தை வெகுவாகக் குறைத்தன. 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியா முழுவதற்கும் 97 தாய்மார்கள் இறந்தபோது, தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கப்படும் மகப்பேறு நிதியுதவி, பேறுகாலத்தில் கூலி இழக்கும் பெண்ணுக்கு உணவாக மாறிய பணம். ஆனால் அந்த உதவியும் முதல் இரண்டு பேறுகளோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் முறை கருவுற்ற ஏழைத் தாய்க்குத்தான் இரத்தசோகையும் ஆபத்தும் அதிகம் என்பதை மருத்துவம் அறியும். எண்ணிக்கைக் கொள்கை நலத்திட்டத்துக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருப்பதை இந்த விதி காட்டுகிறது.

பாலியல் கல்வியின் கதை இன்னும் சுருக்கமானது, ஏனெனில் நடந்தது மிகக் குறைவு. பூப்பெய்திய பெண்ணுக்குப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஊரழைத்து மஞ்சள் நீராட்டும் சமூகம், அவளுக்கு ஏற்பட்ட மாற்றம் என்ன என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. பாடநூலில் இனப்பெருக்க மண்டலம் என்ற பாடம் பல வகுப்பறைகளில் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒற்றை வரியோடு கடந்துபோனது. மௌனத்தை உடைத்தது நோய்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தது சென்னையில்தான். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் உருவானது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி விளம்பரப் பலகைகளிலும் தொலைக்காட்சியிலும் வந்தபோது, டீக்கடைப் பெஞ்சிலும் பேருந்திலும் ஆண்கள் பாலுறவுப் பாதுகாப்பைப் பற்றி வாய்விட்டுப் பேசினார்கள். ஆணிடம் நேராகப் பேசிய அரிய பொதுப்பிரச்சாரம் அது. அச்சத்தை முன்வைத்து எழுந்த அந்தப் பேச்சு, அச்சம் தணிந்ததும் அடங்கிப்போனது. வகுப்பறைக்குள் அது அரிதாகவே நுழைந்தது.

சட்டத்திலும் ஒரு மாற்றம் வந்தது: மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அது 1860-இன் தண்டனைச் சட்டம் வகுத்த குற்றத்தை முழுவதும் நீக்கிவிடவில்லை. குறிப்பிட்ட காரணங்களுக்கு, குறிப்பிட்ட வாரங்களுக்குள், பதிவுபெற்ற மருத்துவர் செய்தால் குற்றமில்லை என்று விலக்கு அளித்தது. 2021 திருத்தம் சில பிரிவினருக்குக் கால வரம்பை 24 வாரமாக உயர்த்தியது. மணமாகாத பெண்களும் அதில் அடங்குவர் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. இந்தச் சட்டத்தின் தொடக்கம் முதலே, 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவனுடைய சம்மதத்தைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. கருத்தடை அறுவைக்கான அரசு நெறிமுறையும் அப்படித்தான். இருந்தும் படிவத்தை நீட்டும் மேசையில் ‘வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா?’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பிள்ளைபெறும் வயதிலுள்ள மணமான பெண்களில் 100-க்கு 58 பேர் அறுவை சிகிச்சையால் கருத்தடை செய்துகொண்டவர்கள். கணவன் அதைச் செய்துகொண்ட குடும்பங்கள் 100-க்கு ஒன்றுகூட இல்லை. இரண்டில் எளியதும் ஆபத்து குறைந்ததும் ஆணுக்கான சிகிச்சை என்பதை ஒவ்வொரு மருத்துவரும் அறிவார். அதை ஆண்களிடம் சொல்வதும், பெண்ணின் கையெழுத்து மட்டுமே போதும் என்ற சட்ட வரியை ஒவ்வொரு மகப்பேறு பிரிவின் சுவரிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவைப்பதும் சுகாதாரத் துறை நாளைக்கே செய்யக்கூடிய வேலைகள்.